வோர்ம்ஸ் ஆயரைச் சூனியக்காரி வேட்டையில் சேர்க்காதீர்கள்

உலக வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், வகுப்பில் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் தமிழில் ஒரு கட்டுரை படித்தேன். இடைக்கால ஐரோப்பாவின் மூடநம்பிக்கைகள் பற்றியது. அதில் ஒரு பத்தி முழுக்க, ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகர ஆயர் புர்கார்ட் பெண்களைச் சூனியக்காரிகள் என்று பட்டியலிட்டதாகவும், அந்தப் பட்டியலை வைத்துத்தான் பெண்களை எரித்தார்கள் என்றும் இருந்தது. எழுதியவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் ஒருவர் மட்டும் இப்படி எழுதவில்லை. வேறு வேறு வடிவத்தில் இதே செய்தியை நான் மூன்று, நான்கு இடங்களில் பார்த்துவிட்டேன். "இருண்ட காலம்" என்ற இரண்டு சொற்களுக்குள் ஆயிரம் ஆண்டைப் போட்டு மூடிவிட்டு, அதற்குச் சாட்சியாக இந்த மனிதரை நிறுத்துகிறோம். நிறுத்த வேண்டியது இவரை அல்ல என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் வேலைக்காக ரைன் ஆற்றுப் பக்கம் வந்து குடியேறியவன். வோர்ம்ஸ் எனக்கு ரயிலில் போய்வரும் தூரம். பட்டம் பெற்ற வரலாற்றாளன் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலத்தீனை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன். ஆனால் படித்ததை நம் மொழியில் தவறாகச் சொல்லும்போது மனசு கேட்பதில்லை.

முதலில் அந்தப் "பட்டியல்" என்ன என்று பார்ப்போம். புர்கார்ட் 1000 முதல் 1025 வரை வோர்ம்ஸின் ஆயர். திருச்சபைச் சட்டங்களைத் திரட்டி 20 பாகங்களில் ஒரு பெருந்தொகுப்பு செய்தார். அதன் 19ஆம் பாகத்துக்கு "திருத்துபவர்" என்றும் "மருத்துவர்" என்றும் பெயர். பாவசங்கீர்த்தனம் (செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது) கேட்கும் குருவானவர் என்னென்ன கேள்வி கேட்க வேண்டும், எதற்கு என்ன பரிகாரம் விதிக்க வேண்டும் என்று சொல்லும் கையேடு அது. அதில் ஒரு கேள்வி வருகிறது: இரவில் சில பெண்கள் ஆவிக் கூட்டத்தோடு விலங்குகள் மேல் ஏறிப் பறந்து போகிறார்கள் என்று நீ நம்பினாயா? நம்பியிருந்தால் ஓராண்டு, குறித்த நாட்களில் நோன்பு.

தயவுசெய்து இந்த இடத்தில் நின்று இன்னொரு முறை படியுங்கள். பறந்தாயா என்று அவர் கேட்கவில்லை. பறக்கிறார்கள் என்று நம்பினாயா என்று கேட்கிறார். மந்திரம் போட்டுப் புயலை வரவழைக்க முடியும் என்று நம்பியவனுக்கும் ஓராண்டு நோன்பு. பழி, குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் மேல் விழவில்லை, கதையை நம்பியவன் மேல் விழுகிறது. இது அவர் கண்டுபிடித்த கருத்தும் இல்லை. அவருக்கு நூறு ஆண்டு முன்னாலேயே பிரூம் மடத்து ரெகினோவின் தொகுப்பில் இருந்ததை எடுத்துக்கொண்டு விரித்தார். சூனியக்காரி வேட்டைக்குக் கையேடாக இருந்த நூல் அச்சேறியது 1486-87 வாக்கில், வோர்ம்ஸிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஸ்பையரில். புர்கார்டுக்கும் அதற்கும் நடுவே 460 ஆண்டு இருக்கிறது. அந்தக் காலத்துப் பாவத்தை இவர் தலையில் கட்டுவது நியாயமா?

அந்த 19ஆம் பாகத்தை நீங்கள் ஒரு முறை முழுதாகப் படிக்க வேண்டும். ரைன் கரையில் ஆயிரம் ஆண்டு முன்னால் சாதாரண சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதைவிட நெருக்கமான ஏடு குறைவு. சேவல் கூவுவதற்கு முன் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அதுவரை கெட்ட ஆவிகளுக்குப் பலம் அதிகம் என்று நம்பினாயா? பத்து நாள் ரொட்டியும் தண்ணீரும். விதியை எழுதும் மூன்று சகோதரிகள் வருவார்கள் என்று மேசையில் சாப்பாடும் குடிக்கப் பானமும் வைத்து, மூன்று கத்தி எடுத்து வைத்தாயா? அப்புறம், மழை பொய்த்தால் ஊர்ப் பெண்கள் செய்த சடங்கு. சிறுமிகளைக் கூட்டி, அவர்களில் ஒருத்தியைத் தலைவியாக்கி ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார்கள். "பெலிசா" என்று அந்தப் பக்கத்தார் சொல்லும் செடியை (நம் நாட்டு மருந்துக் கடையில் குரோசாணி ஓமம் என்று விற்பது இதன் விதைதான்) அவள் வலக்கைச் சுண்டுவிரலால் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அதை அவளது வலது காலின் சிறுவிரலில் கயிற்றால் கட்டி, அது பின்னால் இழுபட, ஆற்றுக்கு நடத்திப் போகிறார்கள். மற்ற சிறுமிகள் கையில் சின்னக் கிளைகளோடு அவள் மேல் நீர் தெளிக்கிறார்கள். திரும்பும்போது அவள் நண்டு மாதிரிப் பின்னோக்கி நடந்தே ஊர் வந்து சேர வேண்டும். பரிகாரம் இருபது நாள் ரொட்டியும் தண்ணீரும்.

இவ்வளவு நுணுக்கமாக எழுத, அந்தச் சனங்களுக்கு நடுவில் வாழ்ந்து, காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கருக்கலைப்பு பற்றிய கேள்வியில் அவர் கடுமையானவர்தான். ஆனால் அங்கேயும் ஒரு வரி சேர்க்கிறார்: வளர்க்க வழியில்லாத ஏழைப் பெண் செய்தாளா, தன் தவறை மறைக்கச் செய்தாளா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று. அந்த "ஏழைப் பெண்" என்பதற்கு அவர் போட்ட இலத்தீன் சொல் "பாவப்பட்ட ஏழை" என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனியில் இருக்கிறது. அதைப் படித்த நாளில்தான் இவரை விடாமல் தேட ஆரம்பித்தேன்.

அவருடைய ஊருக்கு வருகிறேன். புர்கார்டின் வாழ்க்கை வரலாற்றை அவர் இறந்த சிறிது காலத்திலேயே பெயர் தெரியாத ஒருவர் எழுதினார். அவர் சொல்வது: ஆயர் வந்தபோது வோர்ம்ஸ் பாதி பாழ். மதில் இடிந்து கிடந்தது. உள்ளே ஓநாய்கள் திரிந்தன. வீடு கட்டப் போனால் ஒன்று ஓநாய் வரும், இல்லை கள்வர் வருவார்கள். அதனால் சனங்கள் மதிலுக்கு வெளியே குடிசை போட்டு இருந்தார்கள். புர்கார்ட் அகழியைத் தோண்டி மதிலை எழுப்பியதும் ஊர் சனம் உள்ளே திரும்பியது. (புகழ்ந்து எழுதுகிறவர் ஊரின் பாழைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஏனென்றால் நூறாண்டு முன்பே, எந்த ஊர்க்காரர்கள் மதிலின் எந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வோர்ம்ஸில் ஒரு ஒழுங்கு இருந்தது. அங்கே குடியிருந்த, வடகடற்கரையைச் சேர்ந்த ஃபிரீசிய வணிகர்களுக்குக்கூட ஒரு பங்கு மதில் உண்டு.)

மதிலை விடப் பெரிய தொல்லை உள்ளே இருந்தது. நகரத்துக்குள்ளேயே சாலியர் குலத்துப் (பின்னால் ஜெர்மன் அரசர்களைத் தந்த பிரபுக் குடும்பம்) பிரபு ஓட்டோவுக்கு ஒரு கோட்டை. ஆயரின் ஆட்களை அடித்துவிட்டு ஓடுகிறவன் அதற்குள் புகுந்துகொண்டால் யாரும் தொட முடியாது. 1002இல் அரசர் பதவிக்குப் போட்டி வந்தபோது புர்கார்ட் இரண்டாம் ஹென்றியின் பக்கம் நின்றார், அதற்கு ஈடாக அந்தக் கோட்டையைக் கேட்டு வாங்கினார். வாங்கி, தான் குடியேறவில்லை. இடித்தார். இடித்த கல்லையும் மரத்தையும் வைத்தே அங்கே புனித பவுலுக்கு ஒரு கோயில் எழுப்பினார். "நகரத்தின் விடுதலைக்காக" என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. அந்த இடத்தில் பவுல் கோயில் இன்றும் இருக்கிறது. இப்போது நிற்கும் கட்டடம் பிற்காலத்தது. கோபுரங்களின் உச்சியில் கிழக்கு நாட்டுப் பாணியில் உருண்டைக் குவிமாடங்கள். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஒரு கோட்டை இருந்த அடையாளமே இல்லை.

அந்தச் சாலியர் குலத்திலேயே ஒரு பையன், உறவுக்காரர்களால் ஒதுக்கப்பட்டவன், கொன்ராட். பகையாளி வீட்டுப் பிள்ளை என்று பாராமல் புர்கார்ட் அவனைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தார். 1024இல் ஜெர்மன் பிரபுக்கள் அரசராகத் தேர்ந்தெடுத்தது அவனைத்தான். அந்தக் குலத்தின் முன்னோர் படுத்திருக்கும் கல்பேழைகள், புர்கார்ட் 1018இல் பேரரசர் முன்னிலையில் அபிஷேகம் செய்த அதே பேராலயத்தின் நிலவறையில் இருக்கின்றன. அவர் கட்டியது இரண்டே ஆண்டில் மேற்குப் பக்கம் சரிந்து, மறுபடி கட்டினார்கள். இன்று நிற்கும் செம்மணற்கல் பேராலயம் 12ஆம் நூற்றாண்டில் அவர் போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்தது.

ஆனால் கல் கட்டடத்துக்காக நான் உங்களை அழைக்கவில்லை. அவர் கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளில் எழுதுவித்த சின்னச் சட்ட ஏட்டுக்காக அழைக்கிறேன். முப்பதுக்குச் சற்று மேற்பட்ட விதிகள். பெயர், "வோர்ம்ஸ் ஆலயக் குடிகளின் சட்டம்" என்று வைத்துக்கொள்ளலாம். ஆலயத்துக்குப் புனித பேதுருவே உரிமையாளர் என்பது அக்கால நினைப்பு. அதனால் ஆலய நிலத்தில் உழுகிறவர்கள், கைவினைஞர்கள், ஏவலாட்கள், அதிகாரம் செலுத்தும் காரியஸ்தர்கள் எல்லாரும் சேர்ந்து "புனித பேதுருவின் குடும்பம்".

அதன் முன்னுரையின் சாரத்தை என் தமிழில் தருகிறேன். வோர்ம்ஸ் ஆயர் புர்கார்டாகிய நான், ஏழைகளின் ஓயாத அழுகையைக் கேட்டும், நாய்களைப் போல இந்தக் குடும்பத்தைக் கடித்துக் குதறி, ஆளுக்கொரு சட்டம் சொல்லி, எளியவர்களைத் தங்கள் தீர்ப்புகளால் நசுக்கியவர்களின் சூழ்ச்சிகளைக் கண்டும், குருமார், படைவீரர், குடும்பத்தார் அனைவருடைய ஆலோசனையோடும் இவற்றை எழுதச் சொன்னேன். இனி எந்தக் காவலதிகாரியோ, மணியக்காரனோ, காரியஸ்தனோ, அவர்களில் வேறெந்த வாயாடியோ புதிதாக எதையும் நுழைக்க முடியாதபடி, பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே சட்டம், கண்முன்னே எழுதி வைக்கப்பட்டு, எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் எழுத்தை அவர் எதற்குப் பயன்படுத்துகிறார், பாருங்கள். "வழக்கம் இதுதான்" என்று வாய்ச்சொல்லாலேயே ஒருவன் இன்னொருவனின் நிலத்தைப் பிடுங்கிய காலம். வாயில் இருந்த சட்டத்தைத் தோலேட்டில் இறக்கியதும், வாயாடியின் பிடி தளர்ந்தது.

விதிகள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுச் சண்டையிலிருந்து வந்தவை. அப்பா இறந்துவிட்டார், ஒரு மகன், ஒரு மகள். குடிநிலம் மகனுக்கு. அம்மாவின் துணிமணியும், உழைத்துச் சேர்த்த பணமும் மகளுக்கு. மிச்சம் எதுவானாலும் இருவருக்கும் சரிபாதி. இன்னொன்று: நகரத்துக்குள் ஒருவனைக் கொல்ல வாளை உருவினாலோ, வில்லை வளைத்து நாணில் அம்பு தொடுத்தாலோ, குத்த ஈட்டியை நீட்டினாலோ, அபராதம் 60 ஷில்லிங். ஒரு சொட்டு ரத்தம் சிந்த வேண்டியதில்லை. அம்பு நாணில் ஏறினாலே குற்றம்.

ஏன் அவ்வளவு பயம் என்று 30ஆவது விதி சொல்கிறது. குடிவெறியிலும் ஆணவத்திலும், ஒன்றுமில்லாத காரணத்துக்கும், காட்டு விலங்குகள் போல ஒருவரை ஒருவர் கொன்று, ஒரே ஆண்டில் ஆலயக் குடிகள் 35 பேர் குற்றமின்றிச் செத்திருக்கிறார்கள். கொன்றவர்களும் அதே ஆலயக் குடிகள். அதைவிட அவரை வாட்டியது, கொன்றவர்கள் வருந்தாமல் பெருமை பேசித் திரிந்ததுதான் என்று ஏட்டிலேயே இருக்கிறது. தண்டனை: தோலுரியச் சாட்டையடி, தலைமயிர் மழிப்பு, இதற்கென்றே செய்த இரும்பால் இரண்டு கன்னத்திலும் சூடு. அதோடு உயிர்விலை (செத்தவனுக்கு ஈடான பணம்) கட்ட வேண்டும், செத்தவனின் உறவினரோடு சமாதானம் ஆக வேண்டும். உறவினர்களும் அதை ஏற்றே ஆக வேண்டும். பழிக்குப் பழி என்று தலைமுறை தலைமுறையாக இழுப்பதை அங்கேயே அறுக்கப் பார்த்தார்.

இவரைப் புனிதராக்கிக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. திருச்சபையும் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததில்லை. சட்டத் தொகுப்பில், தமக்கு வேண்டிய விதிகளுக்கு வலு சேர்க்க, பழைய பெரிய பெயர்களைப் பொய்யாகவே ஏற்றியிருக்கிறார் என்பதை ஆய்வாளர்கள் வரிவரியாகக் காட்டியிருக்கிறார்கள். குடிகளின் சட்டமும் விடுதலைச் சாசனம் இல்லை. குடிகள் குடிகள்தான், எசமான் ஆயர்தான். ஆலயக் குடி ஒருவன் வேறு எசமானின் குடியிலிருந்து பெண் எடுத்தால், அவன் செத்ததும் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆயர் கைக்குப் போகும். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே சட்டம் என்று எழுதிய அதே கை எழுதிய விதி இது. நெஞ்சை உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அதுதான் நம் கட்டுரைகளில் எங்கேயும் வருவதில்லை. மதிலுக்குள் கூடி, தமக்கென்று ஒரே சட்டம் இருக்கிறது என்று பழகிய ஊர் 1073இல் தன் ஆயர் அடால்பெர்ட்டையே வெளியே துரத்தியது, பிரபுக்கள் கைவிட்ட நான்காம் ஹென்றிக்குக் கதவைத் திறந்தது. 1074 ஜனவரியில் அரசர் நன்றியாகக் கொடுத்த சுங்க விலக்குச் சாசனம் "யூதர்களுக்கும் மற்ற வோர்ம்ஸ் மக்களுக்கும்" என்று பெயர் சொல்லித் தரப்பட்டது. 1114இல் பேரரசர் ஐந்தாம் ஹென்றி, வேறு எசமானின் குடியில் பெண் எடுப்பதற்கு இருந்த தடையையும், செத்ததும் சொத்தில் எடுத்த பங்கையும் வோர்ம்ஸ்காரர்களுக்கு நீக்கினார். புர்கார்ட் எழுதி வைத்ததால்தான் எதை நீக்க வேண்டும் என்று கைகாட்ட முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

அதே நகரத்தில் 1034இல் யூதத் தொழுகைக்கூடம் கட்டி முடிந்தது, கட்டிக்கொடுத்த தம்பதியின் கல்வெட்டு சாட்சி. 1096 மே மாதம் சிலுவைப்போர்க் கும்பல் வந்தபோது யூதர்களில் ஒரு பகுதியினர் ஆயர் மாளிகைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். மாளிகை காப்பாற்றவில்லை. வீடுகளிலும் மாளிகையிலுமாகச் சுமார் 800 பேர் செத்தார்கள் என்று எபிரேயப் பதிவுகள் சொல்கின்றன. வோர்ம்ஸைப் பற்றி எழுதுகிறவர் புர்கார்டின் மதிலை எழுதினால் இதையும் எழுத வேண்டும். அந்த மதில் யாரைக் காத்தது, யாரைக் காக்கவில்லை என்பது இரண்டும் சேர்ந்துதான் அந்த ஊர்.

சரி, நான் கேட்பது என்ன? "இருண்ட காலம்" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தும் பாடக் குறிப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அது பின்னால் வந்தவர்கள் தங்களை வெளிச்சமாகக் காட்டிக்கொள்ள முன்னோருக்கு ஒட்டிய சீட்டு. அதை நாம் தமிழில் ஏன் சுமக்க வேண்டும்? "இடைக்காலம்" போதும். ஆசிரியர்களே, சூனியக்காரி வேட்டையை நடத்தும் பாடத்தில் 15ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய பெயர்களைச் சொல்லுங்கள், புர்கார்டைச் சொல்வதானால் அவர் கேட்ட கேள்வியை முழுதாகச் சொல்லுங்கள். முக்கியமாக, மொழிபெயர்ப்பாளர்களே, அந்த முப்பத்துச் சொச்ச விதிகளைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். பெரிய வேலை இல்லை, சில பக்கங்கள்தான். பிள்ளைகள் அரசர் பெயரையும் போர் ஆண்டையும் மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, அம்மாவின் துணிமணி யாருக்குப் போனது என்று படிக்கட்டும்.

நான் முன்னுரையையும் பத்து விதிகளையும் தமிழாக்கி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தருகிறேன், என் பெயர்கூடப் போட வேண்டாம். இரண்டு இடத்தில் உங்கள் உதவி தேவை. "ஃபமிலியா" ("புனித பேதுருவின் குடும்பம்" என்றேனே, அதன் இலத்தீன் சொல்) என்பதை "குடும்பம்" என்றே வைப்பதா, "குடிகள்" என்பதா? முதல் சொல்லில் பாசம் அதிகம், இரண்டாவதில் அடிமைத்தனம் தெரிகிறது. மூலத்தில் இரண்டும் இருக்கின்றன. அடுத்தது, நான் "வாயாடி" என்று போட்டிருக்கும் சொல். நிறையப் பேசிப் பேசியே ஊரை ஏய்க்கிற ஆள் என்பது மூலத்தின் பொருள். உங்கள் ஊர்ப் பக்கம் அவனுக்கு என்ன பெயர்?

அன்புடன்,
ரைன் கரையிலிருந்து ஒரு வாசகன்